பிள்ளையின் காலுக்கு எட்டும் தூரம்

ஈப்போவில் வாடகை வீடு காட்டும் ஏஜெண்டு “தமிழ்ப்பள்ளி அஞ்சே நிமிஷம்” என்று சொன்னால், அது கார்க் கணக்கு. அதே தூரத்தைப் பெரியவர் ஒருவர் பதினைந்து நிமிடத்தில் நடந்துவிடலாம். சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போனால் முக்கால் மணி நேரம் ஆகும். வழியில் பூனை படுத்திருக்கும். எறும்பு வரிசை போகும். யார் வீட்டுக் கேட்டின் அடியிலோ நாய் மூக்கை நீட்டும். என் மகளுக்கு இரண்டு வயதானபோது எங்கள் வீட்டிலிருந்து சிலிபின் லூர்து மாதா கோயில் வாசல்வரை நடக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று ஒருநாள் கைப்பேசியில் பார்த்தேன். 26 நிமிடம். நான் தனியாகப் போனால் ஆறு நிமிடம். மிச்சமுள்ள அந்த இருபது நிமிடத்தில்தான் அவள் பேச்சு வளர்ந்தது. ‘மூடி’, ‘வழுக்கும்’, ‘பெரிய லோரி’, ‘பாட்டி வீடு பூட்டியிருக்கு’ எல்லாம் அந்த நடையில் வந்த சொற்கள்.

இந்த அத்தியாயம் ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை ஈப்போவின் சிலிபின் வட்டாரத்தில் வளர்ப்பவர்களுக்கும், வளர்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும். கிரீன்டவுனில் இருக்கும் யூனிகேஎல் ராயல் மருத்துவக் கல்லூரி, அதே வட்டாரத்தில் குவெஸ்ட் அனைத்துலகப் பல்கலைக்கழகம், இரண்டுக்கும் அருகே ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை என்று படிக்கவும் வேலைக்கும் ஈப்போ வரும் இளம் தம்பதிகள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “கல்லூரிக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்துடலாமா, அக்கா?”

யாருடைய நடை?

கல்லூரியும் பிள்ளையின் பள்ளியும் கடையும் கோயிலும் ஒரே வட்டத்துக்குள் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். அப்படிப்பட்ட ஊர்களும் உண்டு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில்தான் 1974இல் பல்கலைக்கழக வளாகம் வந்தது. வீடும் கிணறும் வேலியும் ஒழுங்கையுமாக ஊர் அங்கே முன்பே இருந்தது. ஏற்கெனவே பிள்ளைகள் ஓடியாடிய ஊருக்குள் பல்கலைக்கழகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

நம் பேராக்கில் கம்பார் இதற்கு நேர்மாறு. பழைய ஈயச் சுரங்க நிலத்தில், குளங்களுக்கு நடுவே 2007இல் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகம் திறந்தது. அதைச் சுற்றிப் புதுக் கடைவீடுகளும் மாணவர் வீடுகளும் முளைத்தன. அங்கே வேலை கிடைத்துப் போகிறவர்கள் வளாகத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் வீடு எடுத்தால் அம்மாவும் அப்பாவும் வேலைக்கு நடந்தே போகலாம். ஆனால் தெரு முழுக்க மாணவர்கள் தங்கும் வாடகை வீடுகள் என்றால் பிள்ளைக்கு அங்கே சோட்டுப் பிள்ளை கிடைக்காது. கம்பாருக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: மாணவர் வீடுகளை விட்டுத் தள்ளி, வாசலில் மூன்று சக்கரச் சைக்கிள் கிடக்கிற தெருவாகப் பார்த்து எடுங்கள்.

எல்லாம் ஒரே வட்டத்துக்குள் இருக்கும் வசதி ஈப்போவில் பாதிதான் கிடைக்கும். கல்லூரிகள் கிந்தா ஆற்றுக்குக் கிழக்கே, மருத்துவமனையும் அலுவலகங்களும் நிறைந்த பகுதியில் இருக்கின்றன. சிலிபின் ரயில் பாதைக்கு மேற்கே இருக்கிறது. ஆகவே யாராவது ஒருவர் வண்டியில் போய்த்தான் ஆகவேண்டும். அந்த ஒருவர் பெரியவராக இருக்கட்டும் என்பது என் முடிவு. அம்மாவோ அப்பாவோ மோட்டாரிலோ காரிலோ கால் மணி நேரம் போய் வரலாம். பிள்ளை தன் காலால் போய் வரும் தூரத்தில் அதன் உலகம் இருக்கவேண்டும். கல்லூரிக்குப் பக்கத்தில் பத்தாவது மாடியில் வீடு எடுத்து, பிள்ளையைத் தினமும் காரில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி வளர்ப்பவர்களை அறிவேன். பெற்றோருக்கு நேரம் மிச்சம்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அக்கம்பக்கத்தில் ஒருவர் பெயர்கூடத் தெரியாது.

வீடு பார்க்கும் முறை

வீட்டை ஞாயிற்றுக்கிழமை மாலையில் போய்ப் பார்க்காதீர்கள். அப்போது எந்தத் தெருவும் அழகாகத்தான் இருக்கும். வேலை நாளில் மூன்று தடவை போங்கள்: காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு, பிற்பகல் ஒரு மணிக்கு, இருட்டிய பிறகு ஏழரைக்கு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டுக்குள் எத்தனை அறை என்பதைப் பிறகு எண்ணிக்கொள்ளலாம். முதலில் வாசலில் நின்று, பிள்ளை தினமும் போகவேண்டிய நான்கைந்து இடங்களுக்கு நடந்து பாருங்கள். பால் வாங்கும் மளிகைக்கடை, பாலர் பள்ளி, கோயில், ஓடி விளையாடக் கொஞ்சம் புல்தரை, நீங்கள் வரத் தாமதமானால் பிள்ளை போய் உட்காரக்கூடிய ஒரு வீடு.

நடக்கும்போது மீட்டரை எண்ணவேண்டாம். எத்தனை தடவை வண்டிப் பாதையைக் கடக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். ஜாலான் சிலிபினைக் கடக்காமல் போய்வர முடிகிற அரைக் கிலோமீட்டர், அதை ஒரே ஒரு முறை கடக்கவேண்டிய நூறு மீட்டரைவிட நல்லது. லூர்து மாதா கோயிலும் செயின்ட் பிலோமினா கான்வென்ட் தமிழ்ப்பள்ளியும் இந்தச் சாலையில்தான் இருக்கின்றன. பட்டறைகளும் தொழிற்பேட்டையும் இதையொட்டித்தான். அதனால் பள்ளிச் சீருடையும் லோரிச் சக்கரமும் இங்கே ஒரே சாலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. உங்கள் பிள்ளை போகப்போகும் பள்ளி சாலையின் எந்தப் பக்கமோ, வீடும் அந்தப் பக்கமே கிடைத்தால் ஐம்பது வெள்ளி வாடகை கூடினாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தெருவிளக்கு எரிகிறதா, மழை பெய்த மறுநாள் எந்த மூலையில் தண்ணீர் நிற்கிறது, பின் சந்தான லோரோங்கில் யார் நாய் வளர்க்கிறார்கள், கட்டி வளர்க்கிறார்களா என்பதையெல்லாம் வீட்டுக்காரர் சொல்லமாட்டார். எதிர்வீட்டுப் பாட்டி சொல்வார். அவரிடம் பேச்சுக் கொடுத்து, “இந்தத் தெருவில் சின்னப் பிள்ளைகள் எத்தனை பேர், பாட்டி?” என்று கேளுங்கள். அவர் பெயர் சொல்லி எண்ண ஆரம்பித்தால் அந்தத் தெரு நல்ல தெரு.

சாலையும் லோங்காங்கும்

நடைபாதை இருக்கும் இடத்தில் அதில் நடங்கள். கடைவீடுகள் வரும் இடத்தில் அஞ்சடி இருக்கும். கடை வாசலை ஒட்டிய கூரை போட்ட அந்த ஐந்தடி நடையில் வெயிலும் மழையும் படாது. ஆனால் ஒரு கடையின் தளத்துக்கும் அடுத்த கடையின் தளத்துக்கும் உயரம் மாறும். ஓடுகிற பிள்ளை அங்கேதான் தடுக்கி விழும். சில இடங்களில் பெட்டிகளையும் மோட்டாரையும் நிறுத்தி வைத்து உங்களைச் சாலைக்கு இறக்கிவிடுவார்கள். தினமும் போகிற வழி என்றால் கடைக்காரரிடம் ஒருமுறை பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். எங்கள் வழியில் ஒரு தவுக்கே, மகள் தள்ளுவண்டியில் போன காலத்தில் தன் எண்ணெய்ப் பெட்டிகளை ஒரு முழம் நகர்த்தி வைத்தார். இன்றுவரை அந்த ஒரு முழம் அப்படியே இருக்கிறது.

நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, அதாவது சாலையின் வலப்பக்கமாக நடங்கள். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால், இடப்பக்கமாக நடந்தால் முதுகுக்குப் பின்னால் வருகிற மோட்டாரை உங்களால் பார்க்க முடியாது. பெரியவர் சாலைப் பக்கம், பிள்ளை வீட்டுப் பக்கம். பிள்ளை உங்கள் விரலைப் பிடித்தால் போதாது. நீங்கள் அதன் மணிக்கட்டைப் பிடியுங்கள். விரலைப் பிடித்த பிள்ளை நினைத்த நேரத்தில் விட்டுவிட்டு ஓடும்.

ஆனால் வீட்டுப் பக்கம் லோங்காங் இருக்கும். திறந்த சாக்கடை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சின்ன வாய்க்காலை நினைத்துக்கொள்கிறார்கள். பல தெருக்களில் இது பெரியவரின் தொடையளவு ஆழம். சிமெண்டுப் பலகை மூடியிருக்கும் இடத்தில்கூட ஒரு பலகை உடைந்திருக்கலாம், ஒன்று ஆடலாம். மகளும் நானும் இதற்கு ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். மூடியில் கால் வைப்பதற்கு முன் நான் தட்டுவேன். ‘டொம்’ என்று கெட்டியாகக் கேட்டால் போகலாம். ‘கடக்’ என்று ஆடினால் சுற்றிப் போகவேண்டும். மூன்று வயதில் அவளே குனிந்து கையால் தட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா, இது கடக்” என்பாள். இன்று தம்பிக்கு அவள்தான் கற்றுத் தருகிறாள்.

சாலை கடப்பதைப் பற்றி ஒன்றைத் திட்டமாகச் சொல்லவேண்டும். ஆறு வயதுப் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், வருகிற வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று அவளால் சரியாகக் கணிக்க முடியாது. அந்தத் திறன் ஒன்பது, பத்து வயதில்தான் ஓரளவு கைகூடும். “பார்த்துப் போ” என்று சொல்லி அனுப்புவது பாதுகாப்பு ஆகாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் பிள்ளையைப் பார்த்துப் பிரேக் மிதித்து நிற்பதற்குள் ஏறத்தாழ 24 மீட்டர் ஓடிவிடும். 30 கிலோமீட்டர் வேகம் என்றால் 12 மீட்டர் போதும். இது காய்ந்த சாலையின் கணக்கு. ஈரச் சாலையும் சுமை ஏற்றிய லோரியும் என்றால் இன்னும் கூடும். ஆகவே, பிள்ளைக்கு நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டிய முதல் சாலை விதி ஒரே சொல்தான்: ‘நில்’. அதை வீட்டுக்குள் விளையாட்டாகப் பழக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ‘நில்’ என்றால் மரம்போல் நிற்கவேண்டும், நின்றால் முத்தம். அந்தச் சொல்லை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். சாப்பாட்டில் விளையாடும்போதும் தம்பியை அடிக்கும்போதும் ‘நில்’ என்று கத்தினால், சாலையில் அதற்கு மதிப்பிருக்காது.

காரில் போகும் நாள்களுக்கு: 2020 ஜனவரி முதல் நாட்டில் பிள்ளைகளுக்கான கார் இருக்கை கட்டாயம். “இங்கேதானே, பக்கத்தில்தானே” என்று மடியில் வைத்துக்கொண்டு போகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

வெயில், மழை, கொசு

கிந்தா சமவெளியில் நடப்பதற்கு என்று ஒரு நேரம் இருக்கிறது. காலை ஏழிலிருந்து ஒன்பதரைவரை, மாலையில் மழை பெய்யாத நாள்களில் ஐந்தரைக்கு மேல். நடுப்பகலில் தார்ச்சாலையின் சூடு உங்கள் முகத்துக்கு எட்டுவதைவிடப் பிள்ளையின் முகத்துக்குச் சீக்கிரம் எட்டும், அது தரைக்கு அருகில் நடப்பதால். பள்ளி விட்டுப் பிற்பகல் ஒரு மணி வெயிலில் நடக்க வேண்டியிருந்தால் குடை, தொப்பி, ஒரு புட்டி தண்ணீர் வேண்டும். நிழலான வழி சுற்றாக இருந்தாலும் அதிலேயே போகலாம்.

மழை இங்கே பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல் இடியோடு வரும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் அதிகம். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள், அஞ்சடிக்குப் போங்கள், இல்லையென்றால் எந்த வீட்டு வாசலிலாவது ஏறிக்கொள்ளுங்கள். நம் ஊரில் யாரும் விரட்டமாட்டார்கள். தண்ணீர் சாலைக்கும் லோங்காங்குக்கும் சமமாக நிற்கும்போது அதற்குள் இறங்கி நடக்கவே கூடாது. எது சாலை, எது குழி என்று தெரியாது. அரை மணி நேரம் நின்றால் வடிந்துவிடும். வடிந்த பிறகும் செருப்பில்லாமல் விடாதீர்கள். எலி நடமாடிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் கீறல் இருந்தால் அதன் வழியாக உள்ளே போகும்.

டிங்கியைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்கிறேன். ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. விடிந்த சில மணி நேரமும் பொழுது சாயும் நேரமும் அதற்கு உச்சம். அதுவேதான் நம் நடைக்கும் நல்ல நேரம். அதற்காக நடக்காமல் இருக்க முடியாது. காலை மூடும் மெல்லிய காற்சட்டை, பிள்ளைகளுக்கு ஏற்ற கொசு விரட்டி, வாரம் ஒருமுறை வீட்டைச் சுற்றி ஒரு சோதனை ஆகியவற்றால் காத்துக்கொள்ளவேண்டும். முட்டை கொசுவாக மாற ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். ஆகையால் வாரத்தில் ஒரு நாள் பூந்தொட்டித் தட்டு, குளிர்பெட்டியின் பின்தட்டு, வாளி, பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டால் சுழற்சி அறுந்துபோகும். எங்கள் வீட்டில் அது சனிக்கிழமை காலை வேலை. தொட்டிகளை எட்டிப்பார்ப்பது சின்னவன் பொறுப்பு. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தவிர ஐபுப்ரோஃபெனோ ஆஸ்பிரினோ கொடுக்காதீர்கள். காய்ச்சல் விட்டதும் சரியாகிவிட்டது என்று நிம்மதி அடைய வேண்டாம். டிங்கியில் சூடு இறங்கும் நாள்களே ஆபத்தானவை. வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், அசதியில் கண் திறக்காமல் கிடப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

தடுப்பூசிக்கு அரசாங்கத் தாய்சேய் கிளினிக் இருக்கிறது. 2, 3, 5ஆம் மாதங்களில் ஒரே ஊசியில் ஆறு நோய்களுக்கானது, 9, 12ஆம் மாதங்களில் தட்டம்மை சேர்ந்த எம்எம்ஆர், 18ஆம் மாதத்தில் மறு ஊசி. மற்ற நாள்களை நர்ஸ் குறித்துத் தரும் புத்தகம் சொல்லும். அந்தப் புத்தகத்தைத் தொலைக்காதீர்கள். பள்ளியில் சேர்க்கும்போதும் அதைக் கேட்பார்கள்.

ஆயாக்கொட்டகை

சிலிபினிலும் பக்கத்துப் புந்தோங்கிலும் குடியிருக்கும் நம்மவர்களில் பலருக்கு ஒரு தலைமுறை பின்னே போனால் தோட்டம் வந்துவிடும். என் அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். விடியுமுன்னே பாட்டி பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போவார். அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுப் போகிற வழியில் ஆயாக்கொட்டகையில் விட்டுவிடுவார். அங்கே மரம் வெட்ட முடியாத வயதான அம்மாக்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். கூரை விட்டத்தில் வரிசையாகத் தூளி தொங்கும். ஒரு கால் இந்தத் தூளிக் கயிற்றை ஆட்டும், ஒரு கை அந்தப் பிள்ளைக்குப் பால் புகட்டும். அம்மா அதைப் பற்றிப் பேசும்போது வறுமையையும் மறைக்கமாட்டார், அந்த ஆயாவின் மடியையும் மறக்கமாட்டார். சோறு போதாது, மூக்கு ஒழுகும், பேன் இருக்கும். ஆனால் லயத்தில் இருந்த எல்லாருக்கும் எல்லாப் பிள்ளையையும் தெரியும்.

தோட்டங்கள் விற்கப்பட்டு, செம்பனையும் தாமானும் வந்து, மக்கள் பட்டணத்துக்கு வந்தபோது வீடு கிடைத்தது. ஆயாக்கொட்டகை கூட வரவில்லை. பிள்ளை வளர்ப்பில் நாம் இழந்ததில் பெரிய இழப்பு இதுதான் என்று நினைக்கிறேன். நடந்து போகிற தூரத்தில், நமக்குத் தெரிந்த ஒரு கையில் பிள்ளையை விடுகிற வசதி அது. அதைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம், இந்த முறை சுத்தமாகவும் சட்டப்படியும்.

1984ஆம் ஆண்டுப் பிள்ளைகள் பராமரிப்பு மையச் சட்டப்படி, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளோ அதற்கு மேலோ வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் சமூக நலத்துறையில் பதிவு பெற்றிருக்கவேண்டும். பத்துக்குக் குறைவான பிள்ளைகள் என்றால் வீட்டிலேயே நடத்தப் பதிவு செய்யலாம். ஒரு வயதுக்குக் கீழே மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர், ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர், மூன்றிலிருந்து நான்கு வயதுவரை பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது விதி. தாஸ்கா எனப்படும் இந்த மையத்தில் சேர்க்கப் போகும்போது பதிவுச் சான்றிதழைப் பார்த்த பிறகு, முன்னறிவிப்பு இல்லாமல் பகல் பதினொரு மணிக்கு ஒருமுறை போய் நில்லுங்கள். பிள்ளைகளின் தலையையும் பார்த்துக்கொள்பவர்களின் தலையையும் எண்ணுங்கள். தொலைக்காட்சி மட்டும் சத்தமாக ஓடி, பிள்ளைகள் சத்தமில்லாமல் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

தெருவிலுள்ள அக்கா ஒருவரோடு ஏற்பாடு செய்துகொள்பவர்கள் பணத்தை மாதத் தொடக்கத்திலேயே கொடுங்கள். பண்டிகைக்குச் சேலை எடுத்துக் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அது வேலை, கூலி உள்ள வேலை. 2023 ஜனவரி முதல் தாய்க்கு 98 நாள் பேறுகால விடுப்பு, தந்தைக்கு ஏழு நாள் விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. அந்த 98 நாள் முடிவதற்குள் பிள்ளையை அந்த அக்காவின் கைக்கும் குரலுக்கும் பழக்கிவிடுங்கள். முதல் வாரம் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் அரை நாள்.

ஐந்து, ஆறு வயதுக்கு பாலர் பள்ளி. பாலர் வகுப்பு உள்ள தமிழ்ப்பள்ளிகளில் ஒரு வகுப்புக்கு 25 பிள்ளைகள்தான் என்பதால் இடம் சீக்கிரம் நிரம்பும். ஓராண்டு முன்னதாகவே போய் விசாரித்து வையுங்கள்.

கூட்டமாக நடந்தால்

ஜப்பானில் ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகள் பல ஊர்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து வரிசையாகப் பள்ளிக்கு நடப்பார்கள். பெரிய வகுப்புப் பிள்ளை முன்னால், மஞ்சள் தொப்பி போட்ட முதல் வகுப்புப் பிள்ளைகள் நடுவில். ஆஸ்திரேலியாவில் 1990களின் தொடக்கத்தில் டேவிட் எங்விக்ட் என்பவர் ‘நடைப் பேருந்து’ என்ற யோசனையைச் சொன்னார். பேருந்து மாதிரியே நேரமும் நிறுத்தமும் உண்டு. ஓட்டுநர் இடத்தில் முன்னால் ஒரு பெற்றோர், நடத்துநர் இடத்தில் பின்னால் ஒருவர்.

சிலிபினில் இதை மூன்று குடும்பங்கள் சேர்ந்தால் செய்யலாம். நாங்கள் நான்கு வீட்டுக்காரர்கள், ஆறு பிள்ளைகள். வாரத்தில் ஒரு நாள் என் முறை. மற்ற நாள்களில் எனக்குப் போய்வரும் நாற்பது நிமிடம் மிச்சம். ஆரம்பத்தில் செய்த தவறு, யார் என்றைக்கு என்று வாய்வார்த்தையாக விட்டது. ஒருநாள் எங்களில் இரண்டு பேர், மற்றவர் போவார் என்று இருந்துவிட்டோம். பிள்ளைகள் ஆறு பேரும் அரை மணி நேரம் பள்ளி வாசலில் நின்றார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதிலிருந்து ஒரு விதி: முறைக்காரர் பிள்ளைகளைக் கூட்டிய உடனே குழுவில் எண்ணிக்கையைப் போடவேண்டும். ‘ஆறு’ என்று வந்தால்தான் மற்றவர்களுக்கு மூச்சு.

திருவிழா நாள்களில் விதி வேறு. பிப்ரவரி 11 லூர்து மாதா திருநாளை ஒட்டிய நாள்களிலும், தைப்பூசத்துக்குப் புந்தோங் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் சீரோ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் பால்குடமும் காவடியும் போகும்போதும், பிள்ளையின் உள்கையில் உங்கள் கைப்பேசி எண்ணைப் பேனாவால் எழுதுங்கள். பளிச்சென்ற நிறச் சட்டை போட்டுவிடுங்கள். கூட்டத்தில் தொலைந்தால் “போலீஸ்காரரிடம் போ” என்பதைவிட, “பிள்ளையோடு நிற்கும் ஒரு அம்மாவிடம் போ” என்று சொல்லிக்கொடுப்பது எளிது. அது பிள்ளையின் கண்ணுக்கு உடனே தெரியும்.

புந்தோங்குக்கு நடந்தால் கச்சான் பூத்தே கிராமத்து வாசனை வந்துவிடும். அங்கிருப்பவை எட்டயபுரத்திலிருந்து வந்து குனோங் சீரோ அடிவாரத்தில் முறுக்கும் கடலையும் போட்டுப் பிழைத்த குடும்பங்கள். 1973 அக்டோபரில் அந்த மலையின் பாறை சரிந்து ஏறத்தாழ நாற்பது உயிர்கள் போனபிறகு புந்தோங்குக்கு இடம் மாறினார்கள். இந்தக் கதையை ஐந்து வயதுப் பிள்ளைக்கு நடந்துகொண்டே சொல்லலாம். முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்கும். ஆனால் ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கடலையைக் கையில் கொடுக்காதீர்கள். ஓடும்போதும் சிரிக்கும்போதும் மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். சின்னவனுக்கு நான் முறுக்கை நொறுக்கித் தருவேன், உட்கார்ந்தபடி.

கல்லூரிப் பக்கம் ஒரு ஞாயிறு

கல்லூரி நடக்கும் தூரத்தில் இல்லை என்பதற்காகப் பிள்ளைக்கும் கல்லூரிக்கும் தொடர்பே இல்லாமல் போகவேண்டாம். மாதம் ஒரு ஞாயிறு அந்தப் பக்கம் போங்கள். வழக்கறிஞரும் ஈப்போ மக்களின் நாடாளுமன்ற உறுப்பினருமாக இருந்து 1969இல் மறைந்த டி.ஆர். சீனிவாசகத்தின் பெயரில் உள்ள பூங்காவில் பிள்ளைகள் ஓடலாம். துன் ரசாக் நூலகத்தில் பிள்ளையின் பெயரிலேயே அட்டை கேட்டு வாங்கிக்கொடுங்கள். அம்மா படிக்கும் கட்டடம் இது, அப்பா வேலை செய்யும் ஆஸ்பத்திரி இது என்று வெளியிலிருந்தாவது காட்டுங்கள். தாய் பரீட்சைக்குப் படிக்கும்போது “அம்மா எங்கே போறாங்க” என்ற கேள்விக்குப் பிள்ளையின் மனதில் ஒரு இடம் இருக்கும், ஒரு வாசல் இருக்கும்.

சிலிபினில் அறை எடுத்துத் தங்கும் மாணவிகள் உங்கள் தெருவில் இருந்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். கெடாவிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் வீட்டை விட்டு வந்த பிள்ளைகள் அவர்கள். எங்கள் தெருவில் தங்கிய ஒரு மருத்துவ மாணவி வெள்ளிக்கிழமை மாலைகளில் என் மகளுக்கு மலாய்க் கதைப்புத்தகம் வாசித்துக் காட்டுவாள். பதிலுக்கு அவளுக்கு என் சாம்பார். அவள் கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டித் தன் பொம்மையின் நெஞ்சைக் கேட்டுவிட்டு, மகள் என்னிடம் வந்து சொன்னது: “அம்மா, டொம்.”

மூடி

கடைசியாக ஒரு வேலை. நீங்கள் தினமும் நடக்கும் வழியில் உடைந்த மூடி, எரியாத விளக்கு, மறைந்துபோன வரிக்குதிரைக் கோடு எதுவாக இருந்தாலும் படம் எடுங்கள். பக்கத்தில் பிள்ளையின் காலணியை வைத்து எடுங்கள், குழியின் அளவு தெரியும். தேதி, சாலைப் பெயர், அருகிலுள்ள வீட்டு எண் அல்லது விளக்குக் கம்ப எண் எழுதிப் புகார் கொடுங்கள். புகார் எண்ணை வாங்கிக் குறித்து வையுங்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அந்த எண்ணைச் சொல்லி மறுபடி கேளுங்கள். ஒரு வீட்டார் மட்டும் கொடுப்பதைவிட நான்கு வீட்டார் தனித்தனியாக ஒரே மூடியைப் பற்றிக் கொடுங்கள்.

எங்கள் லோரோங் முனையிலிருந்த மூடிக்கு மூன்று புகாரும் ஐந்து மாதமும் ஆயின. புதுப் பலகை போட்ட அன்று பள்ளியிலிருந்து வந்த மகள் பையை இறக்கி வைத்துவிட்டு, குனிந்து, மூன்று தடவை தட்டிப் பார்த்தாள். பிறகு கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் வழி நெடுக உள்ள மற்ற மூடிகளை வட்டம் வட்டமாக வரைந்து, ஆடுவதற்கெல்லாம் சிவப்பு அடித்தாள். இன்னும் நான்கு பாக்கி இருக்கிறது. இந்த வாரம் இரண்டாவதற்குப் படம் எடுக்கப் போகிறோம்.